நாலு விரல் பட்டாணி

“ஏனுங்க அம்மிணி, விதைக்குப் பஞ்சமா? செடிக்குச் செடி நடுவுல ஒரு பூனை படுத்துத் தூங்கலாமாட்ட இருக்குது!”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று லிங்கசாமி சிரித்தார். விஜயா நிமிரவில்லை. நாலு விரலை மண்ணில் பதித்தாள். விரல் முடிகிற இடத்தில் ஒரு குழி, குழிக்குள் ஒரு பட்டாணி. மறுபடி நாலு விரல்.

“தூங்கட்டுமுங்ணா. எலி வராது.”

நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் இருபதடி நிலம் அது. அதை ஒட்டிய வீடு காலியானதும் அந்த நிலத்தை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் லிங்கசாமி, மருந்தடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் வீட்டு முன்னால் ஏற்கெனவே கேரட்டும் பீன்ஸும் நின்றன. இன்னொருத்தி விஜயா, பதினெட்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள். அவள் வாசலில் வெறும் பாறை. பெயின்ட் வாளியில் மல்லித்தழை வளர்த்ததுதான் அவள் செய்த விவசாயம். பயிர் செய்யத் தனக்கென்று ஒரு துண்டு மண் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஃபீல்டு ஆபீசர் வசந்தகுமாருக்கு இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. நடுவில் கயிறு கட்டினார்.

“ஆளுக்குப் பாதி. ரெண்டு பேரும் பட்டாணி போடுங்க. மூணு பறிப்பு எடை போடுவோம். யாருக்கு ஜாஸ்தியோ, மொத்த இடமும் அவங்களுக்கு.”

லிங்கசாமி விதையைப் பிடி பிடியாகக் கொட்டினார். செடி ஜாஸ்தியானால் காய் ஜாஸ்தி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. விஜயாவோ விதைக் கடைக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி நாலு விரல். கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி வந்து கொடி ஏற ஊன்றினாள்.

ஐந்தாவது வாரம் அந்த விபரீதம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கணவன் ராஜசேகர், பேக்டரியில் நைட் ஷிப்டில் டிரையர் நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். விஜயா ‘உம்’ கொட்டியபடி வரிசையோரமாக நடந்தாள். சட்டென்று ராஜசேகர் பேச்சை நிறுத்தினான்.

“விஜயா, கையில என்ன?”

குனிந்து பார்த்தாள். கை நிறையப் பட்டாணித் தளிர். இரண்டு வரிசை முழுக்க நுனியைக் கிள்ளிவிட்டிருந்தாள்! பதினெட்டு வருஷப் பழக்கம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பட்டால் அந்த விரல்கள் கிள்ளும். தேயிலையா, பட்டாணியா என்று கேட்காது.

லிங்கசாமிக்குச் சிரிப்பில் புரையேறியது.

“பேக்டரிக்கு அனுப்புங்க அம்மிணி! பட்டாணி டீ போட்டுக் குடிக்கலாம்!”

சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க அதே பேச்சு. தண்ணீர்க் குழாயடியில், கூடக் கொழுந்து பறிக்கிற சசிரேகா, “ஏனக்கா, எத்தனை கிலோ கொழுந்து?” என்று கேட்டாள். விஜயா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். போச்சு, நிலம் போச்சு என்றே நினைத்தாள்.

பத்து நாள் கழித்து, கிள்ளிய செடி ஒன்றின் முன் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நுனி போன இடத்துக்குக் கீழே இரண்டு புதுக் கிளை. அடுத்த செடியிலும் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று. பக்கத்தில் நாலு விரல் இடம் காலியாக இருந்ததால் கிளைகள் தாராளமாக விரிந்திருந்தன.

“ஏனுங்க, இங்க வாங்க! கவாத்து வெட்டுன தேயிலை எப்படித் துளுக்குது? அதேதானுங்க இது!”

ராஜசேகர் வந்து சேர்வதற்குள் அவள் மூன்றாவது வரிசையில் கை வைத்திருந்தாள்.

“அடி பைத்தியமே, அதையும் ஏன் கிள்ளறே?”

“அப்ப கை செஞ்சது. இப்ப நான் செய்யறேன்.”

மிச்சமிருந்த நாலு வரிசையும் கிள்ளி முடித்தாள். அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் பட்டாணித் தளிர்ப் பொரியல்.

முதல் பறிப்பில் அடி வாங்கினாள். லிங்கசாமிக்கு மூன்று கிலோ இருநூறு. விஜயாவுக்கு ஒன்றே முக்கால்தான். கிள்ளிய செடி பூக்கத் தாமதமாகியிருந்தது. கொழுந்து எடை போடும் தராசுக்கு முன்னால் லிங்கசாமி மீசையைத் தடவினார்.

“பரவால்லீங்க அம்மிணி, குழம்புக்கு ஆச்சு.”

இரண்டாவது பறிப்பில் அவருக்கு இரண்டு கிலோ நூறு, அவளுக்கு மூன்று கிலோ முந்நூறு. மொத்தத்தில் இப்போது கால் கிலோதான் குறைவு. லிங்கசாமி மீசையைத் தொடவில்லை.

அதற்குள் அவர் பக்கத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கிய செடிகளுக்குள் காற்று புகவில்லை. அடி இலைகளில் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் பூத்து மேலே ஏறியது. மருந்தடிக்கிற மேஸ்திரிதான், ஆனால் அந்தப் புதருக்குள் எங்கே அடிப்பது? விஜயாவின் வரிசைகளுக்குள் பனிமூட்டம் வந்தாலும் காற்றும் வந்தது, இலையில் ஈரம் காய்ந்தது. கிளைக்குக் கிளை பூ.

மூன்றாவது பறிப்பு. லைன் முழுக்கத் தராசைச் சுற்றி நின்றது.

லிங்கசாமியின் கூடை: அறுநூறு கிராம்.

விஜயா முதுகில் கட்டிய கூடையை இறக்கினாள். வசந்தகுமார் முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நாலு கிலோ நூறு!”

சசிரேகா விசிலடித்தே விட்டாள். ராஜசேகர் யார் தோளையோ பிடித்து உலுக்கினான். அது லிங்கசாமியின் தோள் என்று பிறகுதான் பார்த்தான்.

“மொத்த இடமும் உங்களுதுங்க,” என்றார் வசந்தகுமார்.

லிங்கசாமி தோட்டத்துக்குப் போனார். விஜயா பின்னாலேயே போனாள், அவளுக்குப் பின்னால் லைன் ஆட்களும். அவர் தன் பாதியில் குனிந்து வெளுத்த கொடிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

“கிண்டல் கொஞ்சம் ஓவரா பண்ணிப்போட்டனுங்க அம்மிணி,” என்றார் நிமிராமல்.

“ஆமாங்ணா, நல்லாவே பண்ணுனீங்க. கொடிய விடுங்க. அத நான் பாத்துக்கறேன். இப்ப இது என் இடமுங்க.”

சொன்னது அவள் காதுக்கே நன்றாக இருந்தது. அதனால் எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்:

“என் இடமுங்க!”

ராஜசேகர் மண்வெட்டி எடுக்க ஓடினான்.