பாலாம்பாள் வாங்கிய சீமைத் தூரிகை

எண்ணெய்ச் சாயத்தில் படம் எழுதும் நாணுவுக்குப் பரிசு வாங்க, அவன் பெண்டாட்டி பாலாம்பாள் பாளையங்கோட்டைக் கடையில் தானே ஏறிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அக்ரகாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. படித்துறையில் எங்களுக்கு வேறென்ன வேலை?

கடைக்காரர் அருமைநாயகம் இரண்டு விதச் சீமைத் தூரிகைகளை எடுத்து வைத்தார். பட்டுப்போல் இருந்ததை அவள் தொட்டாள்.

"அது தண்ணிச் சாயத்துக்கும்மா. எண்ணெய்க்கு இந்த முரடுதான் நிக்கும்," என்றவர் தயங்கினார். "ஆனா பன்னி மயிரு. ஒங்களுக்கு ஆகுமா?"

பாலாம்பாள் கையை இழுத்துக்கொண்டாள். மகள் வாந்திபேதியில் போனதும் அவள் முகத்தை எழுதி மாட்டிய நாணு, அப்புறம் தூரிகையைத் தொடவேயில்லை. ஆளே நடைப்பிணமாகிவிட்டான். அவன் மறுபடி எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முரட்டையே வாங்கினாள்.

வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏன்னா, இது பன்னி மயிராம். வேண்டாம்னா தாமிரவருணில விட்டுடறேன்."

நாணு தூரிகைக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"கொழந்தை மொகத்தை வேற எதாலடி எழுதினேன்?"

பாலாம்பாள் சுவரைப் பார்த்தாள். தினமும் அவள் விளக்கேற்றிக் கும்பிடுகிற முகம்.

"அப்போ இதுவும் மடிதான்," என்றாள்.

நாணு கட்டின் நூலை அவிழ்த்தான்.