நஷ்வாவின் சான்றிதழ் உறை

1

இக்கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு வரிசை. எகிப்தின் தந்தா நகரில், ஆவணங்களுக்கு முத்திரை வைக்கும் அலுவலகத்தில், என் மகனுடைய பள்ளிச் சான்றிதழோடு நாற்பத்தாறாம் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தைந்தாம் எண் ஒரு பெண். சன்னலுக்கு அப்பால் இருந்த எழுத்தர் அம்மையார் அவளுடைய பட்டச் சான்றிதழை வாங்கி, விரல் நகத்தால் ஒரு முறை தட்டினார். டொக் என்றது. தாள் அப்படி ஒலிப்பதில்லை.

அந்த ஒலியிலிருந்து எழுதத் தொடங்கினேன். மற்றவற்றுள் பாதி கேட்டது, பாதி புனைந்தது. எழுத அமருமுன் இறைவனை வாழ்த்தி ஓரடி எழுதுவது என் வழக்கம். இம்முறையும் எழுதினேன், அது எனக்கும் அவனுக்கும் உரியது. அதற்கடுத்து எழுதிய வாக்கியத்தை உங்களுக்குக் காட்டலாம்:

நைல் நதி கொணர்ந்த வண்டலின்மேல் பருத்தி வெடித்துக் கிடக்கும் வயல்களுக்கு நடுவே, ஒரு —

(விட்டுவிட்டேன். இவ்வூரில் பதினோராண்டு வாழ்ந்தவனுக்கு நைல் எதற்கு? அவளுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு முத்திரை.)

2

பெயர் நஷ்வா. அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வகுப்பில் எழுபத்திரண்டு பிள்ளைகள். ஆண்டு முடியும்போதும் அவர்களுள் பாதிப்பேரை அவள் “சன்னலோரம் மூணாவது” என்றுதான் அழைத்துக்கொண்டிருப்பாள். அந்த வெட்கம் அவளை அயல்நாட்டு வேலை தேட வைத்தது.

இரண்டு ஆண்டுகள் விண்ணப்பித்தாள். மூன்று பள்ளிகள், அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்குமுன் அவளுடைய கடவுச்சீட்டு எந்த நாட்டது என்று கேட்டன. எகிப்து என்றதும் உரையாடலை முடித்துக்கொண்டன. நான்காவது பள்ளி, ஓமான் நாட்டு நிஸ்வாவில் உள்ளது, பாடம் நடத்திக் காட்டச் சொன்னது. சமையலறைச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கணினித் திரைக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினாள். வேலை கிடைத்தது. வகுப்புக்கு இருபத்துநான்கு பேர். பெயர்ப் பட்டியலை முன்னதாகவே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். வியந்துபோய் அனுப்பினார்கள். இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

விசாவுக்கு ஒரே நிபந்தனைதான் எஞ்சியிருந்தது. மூலப் பட்டச் சான்றிதழில் இங்கே ஒரு முத்திரை, அதன்மேல் தூதரகத்தின் முத்திரை, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள்.

எழுத்தரின் பெயர் மதாம் எனாயாத். அவர் பேசியதில் நான் எதையும் கூட்டவில்லை.

“என்னம்மா இது, மீனைக் கண்ணாடிக்குள்ள அடைச்ச மாதிரி?”

“லேமினேஷன், மதாம்.”

“அது தெரியுது. மைய எதுமேல வைக்கறது? பிளாஸ்டிக்மேல வெச்சா நீ படி இறங்கறதுக்குள்ள அழிஞ்சிடும். யார் பண்ணின வேலை?”

“என் வீட்டுக்காரர்.”

“உன்னை நல்லாத்தான் பொட்டலம் கட்டி வெச்சிருக்கார்.”

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கு ஈடாகத்தான் இக்கதையை எழுதுகிறேன் என்று சொன்னால் பாதி உண்மை.

“வேற ஒண்ணு எழுதி வாங்க முடியாதா?” என்றாள் நஷ்வா.

“முடியும். பல்கலைக்கழகத்துல ரெண்டு மாசம் ஆகும். உனக்கு எப்ப வேணும்?”

“ஞாயித்துக்கெழம.”

“அப்ப உரிச்சுக்கிட்டு வா கண்ணு. கிழியாம வந்தா நான் குத்தறேன். கிழிஞ்சுதுன்னா வராத. அழறவங்களப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. அடுத்தது யாரு, நாப்பத்தாறு!”

3

வக்தி, அவள் கணவன், கல்வித்துறை அலுவலகத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருப்பவன். படியெடுத்தல், பைண்டிங், லேமினேஷன்.* நிச்சயத்தன்று மணமகளுக்குத் தங்கம் அணிவிப்பது இம்மக்களின் முறை. அவனால் ஒரு மோதிரந்தான் இயன்றது. குறையை நிரப்ப, அவளுடைய பட்டச் சான்றிதழை வாங்கிப் போய், கெய்ரோவிலிருந்து தருவித்த மிகத் தடித்த உறையிலிட்டு, உருக்கி மூடிக் கொண்டுவந்து கொடுத்தான். “தங்கம் தேயும், இது தேயாது” என்றான். அவளுடைய சித்திமார் கைதட்டினார்கள். எட்டாண்டுகள் அது வரவேற்பறைச் சுவரில் தொங்கிற்று.

(* மதிப்புக்குரிய எதையும் உருக்கி மூடிவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். இறந்த தந்தையின் ஓட்டுநர் உரிமத்தை மூடி வாங்கிப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். என் மகனுடைய சான்றிதழ் தப்பியது என் சோம்பலால்.)

அலுவலகத்திலிருந்து நேரே கடைக்கு வந்து, நடந்ததைச் சொன்னாள். நண்பகல். வாடிக்கையாளர் எவருமில்லை.

“ஆக, என் வேலையே உனக்கு எதிரியா வந்து நிக்குது. அப்படித்தானே, மிஸ்?”

“வேலையில குத்தமில்ல. ரொம்ப நல்லாப் பண்ணியிருக்க. அதான் கஷ்டம்.”

“கொடு இப்படி. சூடு காட்டி ஓரத்துல பிளேடு போட்டா வந்துடும். போன வருஷம் பதினோரு பேருக்கு உரிச்சேன்.”

“எத்தனை பொழைச்சுது?”

“ஏழு.”

“மத்த நாலு பேர்?”

“உரிக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிடுவேன், கிழிஞ்சா நான் பொறுப்பில்லன்னு.”

“என்கிட்டயும் வாங்குவியா?”

வக்தி மேசையிலிருந்த காகிதத் துணுக்குகளைக் கையால் ஒதுக்கினான். அவை ஏற்கெனவே ஒதுங்கித்தான் இருந்தன.

4

இங்கே நின்றுவிட்டேன். மூன்று நாள் எழுதவில்லை.

காரணம் வக்தி. அவனை எனக்குத் தெரியவில்லை. நம் பழைய அகப்பாட்டு மரபில் ஊறியவன் நான். அங்கே பொருள் தேடிப் பிரிபவன் தலைவன்; பாலைச் சுரம் கடப்பவன் அவன்; வளை நெகிழக் காத்திருப்பவள் தலைவி. மனைவி சுரம் கடக்க, கணவன் கதவடியில் நின்று நாள் எண்ணுவதற்கு அந்த மரபு எனக்கு ஒரு சொல்லும் கற்றுத் தரவில்லை. ஆகவே, முதற்படியில் அவனைத் தீயவனாக எழுதினேன், அது எளிது. இரண்டாம் படியில் உத்தமனாக எழுதினேன். அது அதைவிட எளிது. இரண்டிலும் அவன் கை, ஒரு முடிவை ஏற்கெனவே அறிந்த கையாக இருந்தது.

நஷ்வாவுக்கும் இதே ஐயந்தான் என்பது நான்காம் நாள் விளங்கியது. எட்டாண்டு உடன் வாழ்ந்தவளுக்கே விளங்காததை நான் எப்படி எழுதுவேன்?

5

“எதிர்த்த கடை ஸாபிர்கிட்ட உரிக்கக் கொடுக்கப்போறேன்,” என்றாள்.

“ஸாபிரா! ஆரஞ்சைத் தோலோட தின்னுறவன் அவன். அவன்கிட்டயா?”

“அவன் கையில கிழிஞ்சா, கிழிஞ்சுதுன்னு போயிடும்.”

“என் கையில கிழிஞ்சா?”

“வேணும்னு கிழிக்கலன்னு சொல்லுவ. நானும் நம்புவேன். ஆனா ஒரு தடவை நம்பினாப் பத்தாது வக்தி. தினமும் காலையில எழுந்து திரும்ப நம்பணும். உனக்கு டீ போடறப்ப நம்பணும். அது என்னால முடியுமான்னு தெரியல.”

“போகாதன்னு ஒரு தடவையாவது சொன்னேனா நான்?”

“சொல்லல. போன்னும் சொல்லல.”

தெருவில் ஒரு வண்டிக்காரன் வறுத்த கடலை விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை திரும்பிற்று.

“போன்னு சொல்ல எனக்கு வாய் வரல,” என்றான் வக்தி. “போகாதன்னு சொல்ல என்ன யோக்யதை இருக்கு எனக்கு? எழுபத்திரண்டு பிள்ளைங்களோட கத்திட்டு வந்து, தொண்டைக்கு வெந்நீர் வெச்சுக் கொடுன்னு நிப்பியே, அதை நாந்தானே பார்க்கறேன்.”

பிறகு இழுப்பறையைத் திறந்து, பிளேடை எடுத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தான்.

“நீயே உரி. நான் சூடு மட்டும் காட்டறேன்.”

“எனக்குத் தெரியாதே.”

“பசை எளகினதும் நான் ‘இப்ப’ன்னு சொல்வேன். சொன்னவுடனே இழு. முன்னாடி இழுத்தா கிழியும். பின்னாடி இழுத்தா மை அதோட வந்துடும்.”

“அப்ப கை என்னுது. நேரம் உன்னுது.”

“ஆமா. அதுக்கு மேல என்னால ஒதுங்க முடியாது.”

அவள் ஸாபிரின் கடையை ஒருமுறை பார்த்தாள். பின் பிளேடை எடுத்துக்கொண்டாள்.

6

முடிவுகள் இரண்டு எழுதிவைத்தேன்.

அ. தாள் கிழிகிறது. வக்தி சுவரோடு சாய்கிறான். நஷ்வா இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பிடித்தபடி, ‘நீ சரியாத்தான் சொன்ன’ என்கிறாள், அதை அவள் நம்பு —

ஆ. தாள் பிழைக்கிறது. மதாம் எனாயாத் முத்திரையைக் குத்தி, ‘பாலும் தேனுமா இரும்மா’ என்று வாழ்த்துகிறார். விமானத்தில் நஷ்வா —

இரண்டையும் அடித்துவிட்டேன். (அ)வை எழுதியபோது எனக்கு ஓர் இரங்கற்பா கிடைத்தது. (ஆ)வை எழுதியபோது ஒரு பிரிவுப் பாட்டு கிடைத்தது. இரண்டிலும் ஆதாயம் எனக்கு. வக்தியின் கையை ஐயுற்ற நான், என் கையை அதுவரை எண்ணிப் பார்க்கவேயில்லை. மெய்யான நஷ்வா எந்த எண் சீட்டோடு திரும்பி வந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. என் மகனுடைய தாளுக்கு முத்திரை கிடைத்ததும் நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆகையால் இதுவரை நிகழ்ந்ததை மட்டும் எழுதி, என் விரல்களை எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகச் சின்னம் வெளிவந்துவிட்டது, ஒரு கீறலுமின்றி. கல்விப் புலத்தின் பெயரும் வந்துவிட்டது. அடுத்த வரி அவளுடைய பெயர். அங்கே மை அடர்த்தி. வக்தி சூடான காற்றை ஊதும் குழலைத் தாழப் பிடித்திருக்கிறான். உறையின் ஓரம் மெல்லச் சுருள்கிறது. அந்த ஒரு சொல்லை அவன் இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்ல வேண்டும் என்பதை இனி நீங்கள்தாம் அவனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் அவள் போகவேண்டுமா, இருக்கவேண்டுமா என்று உங்கள் மனம் எதை விரும்புகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஷ்வா தாளைப் பார்க்கவில்லை. அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.