ஐந்து தலைமுறைக் கட்டைவிரல்

சசிதரனுக்கு ‘நிழற்கலை வேந்தர்’ என்று ஒரு பட்டம் உண்டு. அவர் நடத்துவது கயிற்றுப் பொம்மலாட்டம். அதில் நிழலுக்கு வேலையே இல்லை. பட்டம் கொடுத்த சங்கத்துக்கு இந்த விவரம் தெரியாமல் போய்விட்டது. சங்கத்தின் தலைவர் சசிதரன்தான்.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்ற மனிதர். அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஜனவரியில் புதுச்சேரி கடற்கரையில் நடக்கும் கலைவிழாவில் தன் குழு ஏற வேண்டும். ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டார், பதிலே வரவில்லை. இந்த வருஷம் விழாக்குழுவிலிருந்து நபீசா என்ற அதிகாரி நேரிலேயே வந்து ஆட்டத்தைப் பார்ப்பதாகக் கடிதம் வந்தது. கடிதத்தை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

அடுத்து அறிமுகப் புத்தகம் அச்சடித்தார். மொத்தம் எட்டுப் பக்கம். முதல் ஐந்தில் அவர், மிச்சத்தில் கலைஞர்கள்.

ஒத்திகைக்கு வந்த மாரிக்கண்ணு தன் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். காரைக்கால்மேட்டில் வலை பழுதுபார்ப்பவன். பொம்மைகளுக்குக் கயிறு கட்டுவதும் கடல்ராசா பொம்மையை ஆட்டுவதும் அவன் பொறுப்பு.

“சார், இதுல ‘ஐந்து தலைமுறைப் பாவைக்கூத்து மரபில் உதித்தவர்’னு போட்டிருக்கு. யாருங்க இது?”

“நீதாம்ப்பா.”

“எங்கப்பா வலை பின்னுனாரு. தாத்தாவும் வலைதான். தாத்தாவுக்குப் பொம்மையக் கண்டாலே பயம் சார். கொலுவுக்குக் கூப்பிட்டாக்கூட வாசலோட சுண்டல வாங்கிக்கிட்டு வந்துடுவாரு.”

அமலராணி தன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மாதா கோயில் தெருவில் பத்தொன்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறவள். பொம்மைகளுக்கு உடை தைக்க வந்து, ஒருநாள் ராணி பொம்மையை ஆட்டிப் பார்த்து, அப்படியே தங்கிவிட்டாள். புத்தகத்தில் அவள் ‘அரண்மனை ஆடை அலங்காரப் பரம்பரை’.

“எந்த அரண்மனைன்னு கேட்டா என்ன சார் சொல்றது?”

“கேக்க மாட்டாங்கம்மா. அரண்மனைன்னு சொன்னா யாரும் மேல கேக்கறதில்ல.”

நீலாயதாட்சி புத்தகத்தைத் தொடவே இல்லை. காலையில் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். ராசா, ராணி, நண்டு மந்திரி, சுறா தளபதி எல்லோருக்கும் அவள் குரல்தான்.

“என்னைய என்னன்னு போட்டிருக்கு, அமலா?”

“குருகுலத்துல பன்னெண்டு வருஷம் பாட்டுப் படிச்சீங்களாம், அக்கா.”

“அப்ப மத்தி மீன யாரு வித்தா?”

சசிதரன் பொறுமையாக விளக்கினார். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் வலைக்காரனையும் தையற்காரியையும் பார்க்க வருவதில்லை. பரம்பரையைப் பார்க்க வருகிறார்கள். பரம்பரை இல்லாத இடத்தில் அதை ஏற்பாடு செய்து கொடுப்பது தலைவரின் கடமை.

அதோடு விட்டிருக்கலாம். ஆட்டத்துக்கு முந்தின நாள் பொம்மைகளை மோந்து பார்த்தார். மாரிக்கண்ணு கட்டியிருந்தது கறுப்பு வலைநூல். மீன் வாடை லேசாக அடித்தது.

“புதுச்சேரி ஆபீசரம்மா முன்வரிசையில உட்காருவாங்க. இதெல்லாம் அவுத்துடு” என்று பளபளக்கும் ஜரிகைக் கயிறு ஒரு பந்து கொடுத்தார். “திரைக்கும் இதையே கட்டு.”

மாரிக்கண்ணு கயிற்றை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தான். “வழுக்குதுங்க சார். முடிச்சு கவ்வாது.”

“அஞ்சு தலைமுறைக்காரன் பேசுற பேச்சா இது?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டினான். அவன் விரலுக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு, வலை முடிச்சு. நனைந்தால் இறுகும், மீன் இழுத்தால் இன்னும் இறுகும். ஜரிகையிலும் அதையே போட்டான். வேறு முடிச்சு போட வேண்டும் என்று கைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை ஆறு மணி. சமூகக்கூடம் நிறைந்திருந்தது. காரைக்கால்மேட்டிலிருந்து மட்டும் இரண்டு வேன் ஆட்கள். முன்வரிசையில் நபீசா, மடியில் அறிமுகப் புத்தகம். சசிதரன் பொன்னாடையோடு வரவேற்புரை சொன்னார். தன்னைப் பற்றிய பகுதி முடியக் கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு மேடையோரத்தில் போய் நின்றுகொண்டார். ஆட்டத்தில் அவருக்கு வேலை அவ்வளவுதான்.

முதல் இரண்டு காட்சியும் நன்றாகப் போயின. மூன்றாவதில் கடல்ராசா பெண் கேட்கக் கையை உயர்த்தினார். கை கழன்று தொங்கியது. மாரிக்கண்ணு கயிற்றை எட்டிப் பிடிப்பதற்குள் ராணியின் தலை சாய்ந்தது. ஆட்டுகிறவர்களை மறைத்திருந்த கறுப்புத் திரையும் தன் முடிச்சை உருவிக்கொண்டு ஒரு பக்கம் சரிந்தது.

“சார், துணியப் புடிங்க” என்றாள் நீலாயதாட்சி. கடற்கரையில் அந்தக் குரலைக் கேட்டால் கட்டுமரம்கூட நகரும். சசிதரன் யோசிக்காமல் ஓடிப்போய்த் திரையின் முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் கை இல்லை.

அவர் பிடித்தும் திரை ஓரத்தில் விலகியே இருந்தது. விலகிய இடத்தில் மாரிக்கண்ணு உட்கார்ந்து வேலை செய்வது சபைக்கு நன்றாகத் தெரிந்தது. இடுப்பிலிருந்து வலைநூலை எடுத்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி, மறுநுனியைப் பல்லில் கடித்து முடிந்துகொண்டிருந்தான்.

“ஏய், அது நம்ம மாரிக்கண்ணுடா. கட்டவிரலப் பாரு.”

“அவன் பேருதான் புத்தகத்துல இருக்கு. எவனோ அஞ்சு தலைமுறைக்காரன், தஞ்சாவூர் ஆளுன்னு நெனச்சேன்.”

சசிதரனுக்குக் காது சுட்டது. துணியை விட்டுவிட்டு வெளியே போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால் மாரிக்கண்ணு முழுசாகத் தெரிவான். பிடித்துக்கொண்டே நின்றார்.

சபை சலசலத்தது. நீலாயதாட்சிக்கு அது பழகிய சத்தம். நண்டு மந்திரியின் குரலை எடுத்தாள்.

“ராசாவோட வலது கை, இப்ப இறங்குன சரக்கு. மோதிரத்தோட இருக்கு. கேக்குறவங்க கேளுங்க.”

“அம்பது” என்றது பின்வரிசை.

“அம்பதா? அம்பதுக்கு ராசா சுண்டுவிரலக்கூடக் குடுக்க மாட்டாரு.”

“நூத்தியம்பது. முள்ளு எடுத்துத் தரணும்.”

கூடம் அதிர்ந்தது. நபீசா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கை இருநூறுக்குப் போவதற்குள் மாரிக்கண்ணு அதைக் கட்டி முடித்துவிட்டான். ராசா கையை வீசி, “என் கையை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுந்தார். கல்யாணம் நடந்தது. திரையைக் கட்ட யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. கடைசிவரை சசிதரன்தான் கம்பம்.

ஆட்டம் முடிந்து நபீசா பின்னால் வந்தார். சசிதரன் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே கும்பிட்டார்.

“சார், இந்தப் புத்தகத்துல இருக்கிற ஆளுங்க யாரும் வரலீங்களா?” என்றார் நபீசா.

சசிதரன் புத்தகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “அவங்க... இல்லீங்கம்மா.”

“பரவாயில்ல. வந்தவங்களே போதும். ஜனவரிக்கு இவங்கள அனுப்பிவைங்க.” ஒரு படிவத்தை நீட்டினார். “ஆட்டத்துல வேலை செய்றவங்க பேர மட்டும் எழுதுங்க. தலைவர், செயலாளர்னு எழுதுனா ஆபீஸ்ல அடிச்சிடுவாங்க.”

அவர் போன பிறகு எல்லோரும் பொம்மைகளைப் பெட்டியில் வைத்தார்கள். சசிதரன் படிவத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று கட்டங்கள்: பெயர், செய்யும் வேலை, அனுபவம்.

மாரிக்கண்ணு: கயிறு கட்டுதல், ராசா. வலைவேலையில் முப்பது வருஷம். அமலராணி: உடை, ராணி. தையலில் பத்தொன்பது வருஷம். நீலாயதாட்சி: குரல். ஏலம் கூறுவதில் இருபத்தாறு வருஷம். இந்த முறை ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எழுதினார்.

நான்காவது வரியில் பேனா நின்றது. ‘நிழற்’ என்று எழுதி, அடித்தார்.

“என்ன சார் யோசனை? ஒங்க பேர எழுதலயா?” என்றான் மாரிக்கண்ணு.

“வேலை என்னன்னு கேக்குறான்யா.”

“திரை புடிச்சீங்கள்ல? அசையாம நின்னீங்க சார். நாலு பக்கம் காத்தடிச்சாலும் பாய்மரம் மாதிரி.”

“புதுச்சேரியில திரைக்கு நல்ல கயிறா கட்டிடுவியே?”

“கட்டுறதாவது. நீங்களே புடிங்க” என்றாள் நீலாயதாட்சி. “சனம் ஒங்களப் பாத்துத்தான் பாதி சிரிச்சுது.”

சசிதரன் கீழே கிடந்த பொன்னாடையை உதறி மடித்து, ராசா பொம்மைக்கு அடியில் மெத்தையாக வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். சசிதரன். வேலை: திரை பிடித்தல்.

மூன்றாவது கட்டத்தில் கொஞ்சம் கூட்டிப் போடலாமா என்று பழைய பழக்கம் ஒன்று எட்டிப் பார்த்தது. தோள்பட்டை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை அழுத்தி விட்டுக்கொண்டு, எழுதினார்.

அனுபவம்: இருபது நிமிடம்.