கடைசி வரி வரைக்கும் படித்தவள்

...இல்லை, எடுத்த எடுப்பிலேயே மன்னிப்பு கேட்டால் அப்பா ஒப்பிக்கிறார் என்று நினைப்பாள், முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கலாம், அதுவும் அசட்டுத்தனம், மூன்று மணிக்கு யார் சாப்பிடுவார்கள்... ஆறு வருஷமாக என்னோடு பேசாத மகள், அவள் வேலை பார்க்கும் இந்த ஊருக்கு விமானம் ஏறி வந்தவனுக்கு ஒதுக்கியது அரை மணி நேரம், அதுவும் வீட்டில் அல்ல, பழைய சாமான் சந்தையில். கடையைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்ட மனைவி சொல்லித்தான் அனுப்பினாள், "விளக்கம் சொல்லாதீங்க, மன்னிப்பு மட்டும் கேளுங்க." பதினோரு மணியிலிருந்து சுற்றுகிறேன். கதவே இல்லாத கைப்பிடிகள், யாருக்கோ நடந்த கல்யாணத்தின் போட்டோக்கள், கிண்ணம் நிறையப் பொத்தான்கள், இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள், என்னைப் போல நேரம் போகாதவர்கள்தான் போலிருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் வாயை மூடிக்கொண்டு நடப்பதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.

ஒரு அட்டைப் பெட்டி நிறைய மூக்குக் கண்ணாடிகள். கண்ணாடிக் கடைக்காரன் கை சும்மா இருக்குமா, ஒவ்வொன்றாகத் துடைத்து, எதிரே இருந்த விளக்குக் கம்பத்துக்கு நேரே பிடித்து லேசாக ஆட்டினேன், கம்பம் கூடவே நகர்ந்தால் மைனஸ், எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ். கடைக்காரப் பெண்மணி சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பேன், அடியில் ஒரு குழந்தைக் கண்ணாடி, இடதுபுறம் தடிமன், வலதுபுறம் முழுக்கக் காய்ந்த பசை. விரலால் சுரண்டிய பிறகுதான் உறைத்தது, நல்ல கண்ணைக் காகிதம் ஒட்டி மறைத்து, பார்வை மந்தமான சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கியிருக்கிறார்கள். யாரோ ஒரு அப்பன் சரியான வயதில் கவனித்திருக்கிறான். கண்ணாடிக் கடைக்காரனாகக்கூட இருந்திருக்க மாட்டான், பாவி.

என் மகள் ஏழு வயதில் வந்து சொன்னாள், "அப்பா, போர்டு தெரியலப்பா." நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னேன், பிறகு மற்றதை, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தாள். மறுவருஷமும் சொன்னாள், மறுபடியும் படித்தாள். அதற்கடுத்த வருஷம் வாடிக்கையாளர்கள் முன்னால் அடித்தேன், படிக்கச் சோம்பல், பொய் வேறு சொல்கிறாள் என்று. பள்ளிக்கூட டீச்சர் வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போன பிறகுதான் தெரிந்தது, வலது கண் மைனஸ் இரண்டு, இடது ஆறு, இடது கண்ணில் பார்வை இனி முழுசாகத் திரும்பாது என்றார்கள். நடை பழகியதே என் கடையில்தான், அந்தப் பலகையின் கீழேதான் எழுத்துப் படித்தாள், அத்தனை வரியும் அவளுக்கு மனப்பாடம். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவனுக்கு வேறு பலகை மாட்டத் தோன்றவில்லையே... அவளும் ஏன் சொல்லவில்லை, மனப்பாடமாகத்தான் படிக்கிறேன் என்று? கடைசி வரியை முடித்ததும் நான் மீசையை முறுக்கிக்கொண்டு சுற்றியிருந்தவர்களைப் பார்ப்பேனே, அதற்காகவா?

அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் காட்டலாமா என்றுகூட ஒரு கணம் புத்தி போனது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சவா, பெட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்தேன். மூன்றாகிவிட்டது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள், பழைய கோட்டுகள் தொங்கும் கடை ஓரமாக நின்று கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைத் துழாவுகிறாள், கொஞ்சம் இளைத்திருக்கிறாள், ஃபிரேம் மூக்கில் சரிந்து நிற்கிறது. எங்களுக்கு நடுவே முப்பதடி இருக்கும். அவள் பார்வை என் மேல் பட்டு, நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போனது. தெரியவில்லையா, தெரிந்தும்தான் போகிறாளா... பலகையைப் படிக்கவைக்கும் அந்த இருபதடிக்குள் வந்தால் கண்டுபிடித்துவிடுவாள், வலது கண்ணால் நிச்சயம் முடியும், என்று எனக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட வேண்டியவன் நான் அல்லவா, வாயைத் திறக்காமல் இன்னமும் அவளைச் சோதித்துக்கொண்டு நிற்கிறேன்.