ரோஸிலி அடுக்கிய திரை

"மௌசை விடுங்க அப்பச்சா. ஆளுங்க பாக்கறாங்க," என்று மகள் டெல்மா அவர் தோளைத் தொட்டாள்.

லோனப்பன் விடவில்லை. அழுத்தினார், கணினித் திரையில் கரண்டு பில் கணக்கு விரிந்தது. மூடினார். பக்கத்தில் இருந்ததை அழுத்தினார். யாரோ வீட்டுக் கல்யாணப் படங்கள். அதையும் மூடிவிட்டு மௌஸ் அம்பைத் திரையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஒன்றுமே இல்லை. அந்த வெறும் இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அவர் மனைவி ரோஸிலி கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாணத்து மந்திரகோடிப் புடவையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். முந்தின நாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள், டம்ளரைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல் அடுப்படியில் சரிந்துவிட்டாள். இனி பாதிரி அச்சன் வந்து ஜெபம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னதும் மாதா கோயிலுக்குத் தூக்கிவிடுவார்கள்.

அறை வாசலோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் குஞ்ஞன்னம் சேடத்தி ஜெபமாலையை உருட்டியபடியே வாயைத் திறந்தாள்.

"காலம் பூரா சோறு பொங்கிப் போட்டவ இங்க கெடக்கா. இவன் சீட்டு வெளையாட ஒக்காந்துட்டான். நல்ல கூத்துடியம்மா!" அடுத்த மூச்சிலேயே 'அருள் நிறைந்த மரியே'க்குப் போய்விட்டாள்.

டெல்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்பனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று மஸ்கட்டிலிருந்து வழி முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டு வந்தவள் அவள். வந்து இறங்கியதிலிருந்து மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னத்தத் தேடறீங்க? சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

"மேளம்."

"மேளமா? இன்னிக்கா?"

"பாறமேக்காவு கோயில் மேளம். காலைல அது கேக்காம உங்கம்மா காபிய வாயில வெக்க மாட்டா. நேத்து கேக்கல. இன்னிக்கும் கேக்கல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுட்டுப் போகட்டுமே."

பூரத் திருவிழா மேளத்தைக் கேட்டுவிட்டுக் கல்லறைக்குப் போவதில் திருச்சூரில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது, கிறிஸ்தவச்சியாக இருந்தாலும்.

"அதுக்கு ஏன் இந்தப் பாடு? மேளம்னு பேர் எழுதியிருக்கே. கண்ணு முன்னாடிதான் இருக்கு. படிச்சுப் பாருங்க."

லோனப்பன் திரையை உற்றுப் பார்த்தார். மெதுவாக ஒன்றின் மேல் விரலை வைத்தார். "இதா?"

"அது மருந்து, அப்பச்சா."

விரல் அடுத்ததற்கு நகர்ந்தது. "அப்ப இது?"

அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றுதான் டெல்மா முதலில் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"கதவச் சாத்து மோளே," என்றார் அவர்.

சாத்தினாள்.

"எழுத்து போச்சு எனக்கு. தலை சுத்தி ஆஸ்பத்திரில கெடந்தேன்ல, அப்பவே. பேச்சு திரும்பிடுச்சு, கை கால் திரும்பிடுச்சு. எழுத்து மட்டும் வரல. பேப்பரப் பாத்தா எறும்பு ஓடுது. யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும்தான்."

"தினமும் எனக்கு வீடியோ கால் பண்றீங்க. பேப்பர்ல வந்தது ஒண்ணு விடாம சொல்றீங்க!"

"பேப்பர இது வாய்விட்டுப் படிக்கும். ஒன்னைக் கூப்பிடறது, பாட்டு, படம், சீட்டாட்டம், எல்லாம் இங்கேருந்துதான். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இப்ப யாரோ எல்லாத்தையும் அள்ளி ஒரு மூலைல கொட்டிட்டான்." அவர் மௌசைத் தள்ளிவிட்டார். "அவளும் போயிட்டா, இதுவும் போச்சுன்னா நான் எந்தூட்டுக்குடீ, எதுக்குடீ இங்க ஒக்காந்திருக்கணும்?"

யாரோ இல்லை, மூத்தவன் ஜிஜோதான். பெங்களூருவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். சின்ன வயதில் சொந்தச் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைக்கத் தெரியாது அவனுக்கு. சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து அடுத்தவர் சாமான்களை ஒழுங்குபடுத்தும் வியாதி வந்திருந்தது. முந்தின நாள் மாலை, பத்திரிகைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் அம்மாவின் படம் தேடி உட்கார்ந்தவன், தேடின கையோடு எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டுப் போயிருந்தான்.

டெல்மா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"ஏய், அச்சன் பொறப்பட்டாச்சாம். இப்பப் போயி..."

"இதுல என்னடா பண்ணின நீ?"

"சுத்தம் பண்ணினேன். எப்படிக் கெடந்துச்சு தெரியுமா? எல்லாம் ஓரஞ்சாரமா செதறி, நடுவுல யானை போற அளவுக்கு ஓட்டை. அம்மாவுக்கு வெக்கத் தெரியலன்னு ஒரே தட்டுல அகரவரிசைல நிறுத்திட்டேன். தப்பா?"

"பழையபடி மாத்து."

"அது வராது. எது எங்க இருந்துச்சுன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"எனக்குத் தெரியும்," என்றார் லோனப்பன். "நீ ஒக்காரு மோளே. ஓட்டைங்கறான்ல, அங்க ஒண்ணும் வெக்காத. அது தேக்கின்காடு."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருச்சூரில் நடுவே வடக்குன்னாதன் கோயில், அதைச் சுற்றித் தேக்கின்காடு மைதானம், அதைச் சுற்றி ரவுண்டு என்கிற வட்டச் சாலை. எல்லா வண்டியும் ஒரே திசையில் சுற்றும். லோனப்பன் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தலைமுடி கறுப்பாயிருந்த நாளிலிருந்து அந்த ரவுண்டைத்தான் சுற்றினார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேல எடது மூலை, நாய்க்கனால் ஸ்டாப்பு. பேப்பர் கடைப்பக்கம். பேப்பர் படிக்கறத அங்க வை. வெச்சியா? வடக்கு ரவுண்டுல நேரா வா. பாங்க்கு வரும், கரண்டு பில்லு அங்க. கிழக்க திரும்பு. பாறமேக்காவு."

"மேளம்," என்றாள் டெல்மா.

"ம். கொஞ்சம் கீழ வந்தா பெரிய ஆஸ்பத்திரி."

"மருந்து," என்றான் ஜிஜோ.

"தெக்க, மணிகண்டனால் தாண்டி சினிமாக் கொட்டாய், படமெல்லாம் அங்க. மேற்க ஏறி நடுவிலாலுக்கு வா. அங்க ஒரு டெலிபோன் பூத் இருந்துச்சு பாரு, அங்கேருந்துதான் ஒன்னைக் கூப்பிடறேன்."

தினமும் அப்பன் அழைக்கும்போதெல்லாம் அவர் நடுவிலாலில் வண்டியை நிறுத்திவிட்டு அழைத்திருக்கிறார்! டெல்மாவின் எதிரே, வெறும் கண்ணாடிச் சதுரத்தில், ஒரு ஊரே வட்டமாக எழுந்து நின்றது.

"அம்மா... இத எப்ப செஞ்சா?" என்று கேட்டான் ஜிஜோ.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்த மறுநாள். ஏசுவே, எழுத்து போச்சேன்னு நான் கட்டில்ல கெடந்து அழறேன். அவ இங்க ஒக்காந்து என்னமோ நகத்திக்கிட்டே இருக்கா. அப்புறம் வந்து சொல்றா, 'எழுத்து போனா மயிரே போச்சு. ரவுண்டு போகலயே உங்களுக்கு? எந்திரிங்க, வண்டிய எடுங்க'ன்னு."

டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தவள் ரோஸிலி. வாய் அப்படித்தான் இருக்கும். ஜிஜோ சிரிக்கப் போய் அழுதுவிட்டான்.

லோனப்பன் கண்ணைத் திறந்து, அம்பை நேராக வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் அழுத்தினார். செண்டை முழங்கியது. டெல்மா கதவைத் திறந்து விட்டாள். கூடத்தில் பேச்சு நின்றது. குஞ்ஞன்னம் சேடத்தி ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆனால் அவள் விரல்கள் மணியை விட்டுவிட்டு முழங்காலில் தாளம் போட ஆரம்பித்திருந்தன.

மேளம் அடங்கிய பிறகு, எடுத்து வைப்பதற்குச் சீட்டாட்டம் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் மணிகண்டனாலுக்கும் நடுவே இடம் காலியாக இருப்பதைப் பார்த்து டெல்மா அதை அங்கே இழுத்தாள்.

"அங்க வேண்டாம். அது நாய்க்கனாலுக்கு, டிரைவருங்க ஒக்கார்ற எடத்துக்கு."

"அப்ப இங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"அம்மா காலியாவா விட்டிருந்தாங்க?"

"ஆபீஸ் விட்டு அங்கதான் வந்து நிப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி," என்றார் லோனப்பன். "அங்கதான் என் வண்டில ஏறுவா."

வாசலில் "அச்சன் வந்தாச்சு" என்று யாரோ சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஜிஜோ அப்பனை எழுப்பக் கை நீட்டினான். டெல்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

லோனப்பன் அம்பை நாய்க்கனாலிலிருந்து கிளப்பினார். வடக்கே போனார், கிழக்கே திரும்பினார், பாறமேக்காவு தாண்டி, ஆஸ்பத்திரி தாண்டி, அந்தக் காலி இடத்துக்கு வந்ததும் அம்பு நின்றது. மேஜைக்கு அடியில், செருப்பில்லாத அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.