இடப்பக்கப் பின்னல்

பார்லர்காரியின் மகளுக்கு மதியத் தூக்கத்தில் யாரோ தலை பின்னிவிட்டுப் போனார்கள். கதவு தாழிட்டிருக்கும், ஜன்னலில் கம்பி இருக்கும், அறையில் குழந்தையைத் தவிர ஆளே கிடையாது. படுக்கும்போது காடாய்க் கிடந்த தலை, எழும்போது நெற்றியிலிருந்து பிடரி வரை வரி வரியாக மெல்லிய பின்னல்களோடு இருக்கும். அப்படி ஒரு பின்னலை அந்த ஊரில் யாரும் போட்டதில்லை. "அந்த அம்மா பின்னினாங்க" என்று குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வாள்.

குழந்தை கடல் தாண்டி வந்தவள். பார்லர்காரியும் அவள் கணவர் லேத் பட்டறைக்காரரும் பல வருஷம் காத்திருந்து, விமானம் ஏறிப் போய்த் தத்தெடுத்துக் கூட்டிவந்த பெண். முடி அவ்வளவு நெருக்கமான சுருள் என்பதால் தெருவே அவளைச் சுருட்டை என்று கூப்பிட்டது. பெற்றவள் இருக்கிறாளா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தெருவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கை நமக்கும் பின்னிவிடுமா, எவ்வளவு ஆகும் என்றுதான் வாடிக்கைக்காரிகள் விசாரித்தார்கள்.

பார்லர்காரிக்கோ வயிறு எரிந்தது. ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களின் கொண்டை அவள் போட்டது. அப்பேர்ப்பட்டவள் எண்ணெய், கிரீம், நீராவி என்று தலைகீழாக நின்றும் சொந்த மகள் தலையில் சீப்பு இறங்கவில்லை. சாயங்காலமானால் குழந்தையை மடியில் இருத்தி, பின்னலையெல்லாம் ஒன்றுவிடாமல் அவிழ்ப்பாள்.

"தலையில என்னம்மா இருக்கு, விட்டுத் தொலையேன்" என்றார் பட்டறைக்காரர்.

"தலையிலதாங்க எல்லாம் இருக்கு. ராப்பகலா நான் வளர்க்கிறேன், தலை மட்டும் அவளுக்கா?"

பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும் நாளுக்கு முன்னால், பெரியவர்களுக்கே யோசித்துப் போடுகிற ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீமை எடுத்து மகள் தலையில் பூசிவிட்டாள். முடி நூல் மாதிரி படிந்தது. தெருவே மெச்சியது. சுருட்டை கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இனிமே அவங்களுக்கு என்னை எப்படிம்மா அடையாளம் தெரியும்?" என்று கேட்டாள்.

அன்று மதியம் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குழந்தை அழக்கூட இல்லை, அதுதான் கொடுமை. சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள், கூப்பிட்ட குரலுக்குத் திரும்ப மாட்டாள், சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். பிள்ளை தன் வீட்டிலேயே தொலைந்துகொண்டிருக்கிறாள் என்பது பார்லர்காரிக்குப் புரிந்தது. படிந்த முடியையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டுக் காத்திருந்தாள். கோடை போய், மழை வந்து, சுருள் மறுபடி விரல் நீளம் வளர்ந்தது. கைகள் மட்டும் வரவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும் மகளின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அத்தனை நாள் அவிழ்த்து அவிழ்த்தே அந்தப் பின்னல் போகிற வழி அவள் விரலுக்குப் பழகியிருந்தது. இடப்பக்கத்தில் ஒரு வகிடு எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். கோணல்மாணலாக வந்தது. கண்ணில் நீர் முட்ட, "எனக்கு இவ்வளவுதாங்க வருது. தப்பா இருந்தா நீங்களே சொல்லிக் குடுங்க" என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னாள்.

வலப்பக்கத்தில் வகிடு தானாகப் பிரிந்தது. ஒரு கற்றை எழுந்து, மூன்றாகி, மடங்கத் தொடங்கியது. பார்லர்காரி அவசரத்தில் ஒரு பிரி விட்டபோது அவள் விரல் முட்டியில் சுள்ளென்று ஒரு தட்டு விழுந்தது. எத்தனையோ பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள், புதுசாகக் கற்க வந்தவள் மாதிரி அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னினாள். அன்று முதல் இடப்பக்கம் அவளுடையது, வலப்பக்கம் அந்த அம்மாவுடையது. சுருட்டை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், சண்டை போட்டாள், மளமளவென்று வளர்ந்தாள்.

பிறகொரு வருஷம் பார்லர்காரி விஷக்காய்ச்சலில் படுத்த படுக்கையானாள். வலப்பக்கம் வழக்கம்போலப் பின்னலாகிவிடும். இடப்பக்கத்தை அந்தக் கை தொடவே இல்லை. சிடுக்கு எடுத்து, எண்ணெய் தடவி, பின்னாமல் அப்படியே வைத்துவிட்டுப் போயிற்று. பட்டறைக்காரர் சீப்போடு வந்தபோது, "அது அம்மா பக்கம்ப்பா, அம்மா எந்திரிச்சு வரட்டும்" என்று மகள் தடுத்துவிட்டாள். பாதித் தலையை விரித்துப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, அம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் விடலையா?" என்று கேட்டார்.