கை பிடு

குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுகிறவனை ஒருவரும் மதிப்பதில்லை. தரகர் தோள் துண்டை எடுத்து விரிப்பார். வாங்குகிறவர் அதற்கடியில் கையை விடுவார். விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்தியே விலை முடிந்துவிடும். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு முகங்கள்தான். பெரியதம்பி இருபது வருஷமாக இதில் பேர் போனவர். அவர் முகத்தை வைத்து விலையைக் கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவரின் கையில் சொரியாசிஸ் வந்து குடியேறியது. உள்ளங்கையும் முழங்கையும் சிவந்து தடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தன. ஒட்டாத நோய் என்று டாக்டர் சொன்னதை இவர் சந்தை முழுக்கச் சொன்னார். எல்லாரும் அக்கறையாகத் தலையாட்டினார்கள், கையை மட்டும் நீட்டவில்லை. சக தரகன் முனிவேல் தனக்கு விரலில் காயம் என்றான். அந்தக் காயம் மூன்று மாதமாக ஆறவில்லை. கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்திலிருந்து மாடு வாங்க வரும் நாராயணப்பனும், பதினைந்து வருஷப் பழக்கத்தை மறந்து, ஒரு நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கை பிடப்பா. வாயிலயே ஹேளு” என்றார்.

கன்னடத்தில் ‘பிடு’ என்றால் விடு, ‘ஹேளு’ என்றால் சொல்லு. எல்லையில் பிறந்து வளர்ந்த பெரியதம்பிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி ருக்மணி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று மழுப்பினார். கெட்டுப்போன தோலைப் போர்த்திக்கொண்டு திரிகிறோம் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஓசூர் சிப்காட்டில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். நோயாளியின் தோலில் துளி எடுத்து, அதைக் கிண்ணத்தில் வளர்த்து, நோய் எப்படி வருகிறது என்று பார்ப்பார்களாம். பெரியதம்பி போனார். மரத்துப்போக ஊசி போட்டு, முழங்கையிலிருந்து மிளகளவு எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவள் ஜெயப்ரியா, விருதுநகர்க்காரி. வாய்க்கு வாய் அவரை அண்ணாச்சி என்றாள். இந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். தன்னிடம் பருப்பும் புளியும் கேட்டுவிடுவாளோ என்று அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, தன் தோல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போனார். வெளியூரில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போவதுபோல் சலவைச் சட்டை வேறு. ஜெயப்ரியாவின் முகம் தொங்கிக் கிடந்தது.

“உங்க தோலு கால வாரிருச்சு, அண்ணாச்சி. நல்லாயிருச்சு.”

கம்ப்யூட்டர் திரையில் காட்டினாள். சிறு கிண்ணத்தில், பாலாடை போல, வட்டமாக ஒரு படலம். செதில் இல்லை, தடிப்பு இல்லை. நோயாளித் தோலை வளர்த்தால் நோயும் கூடவே வளரும் என்று காத்திருந்தாளாம். மூன்று வாரத்தில் அது சமர்த்தாக வளர்ந்து நிற்கிறது. இத்தனை நாளாக நான் விரட்டியும் போகாததை நீ எப்படித் தொலைத்தாய் என்று பெரியதம்பி கேட்டார்.

அவள் பொறுமையாக விளக்கினாள். ரத்தத்தில் காவல் அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் தோலை உஷார்ப்படுத்துவது அவற்றின் வேலை. இவர் உடம்பில் அவை ஒன்றுமே இல்லாதபோதும் ஆபத்து ஆபத்து என்று சேதி அனுப்புகின்றன. அதை நம்பித் தோல் அவசர அவசரமாக வளர்ந்து உதிர்கிறது. கிண்ணத்தில் அந்த அணுக்கள் இல்லை, அதனால் தோல் நிம்மதியாக இருக்கிறது. இன்னொரு கிண்ணத்தில் அவை அனுப்பும் சேதிப் பொருளைக் கலந்து பார்த்தாள். நாலைந்து நாளில் அது தடித்து உதிர ஆரம்பித்துவிட்டது. இனி அப்படி நோயை வரவழைத்துத்தான் மருந்தைச் சோதிக்க வேண்டும்.

பெரியதம்பி திரையில் அந்தப் படலத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“அப்போ நடுவுல தரகன்தான் பொய் சொல்றான். தோலு மேல தப்பில்ல.”

“தோலு சுத்தமான தோலு, அண்ணாச்சி.”

வியாதி போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சந்தை பார்க்க வரச் சொல்லிவிட்டு வந்தார்.

சந்தையில் படம் கைமாறிக்கொண்டே போனது, ஒரு பயனும் இல்லை. முனிவேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“இது உன் தோலுதான்னு என்னா அத்தாட்சி? மாட்டுக்கு மாட்டுற மாதிரி காதுல வில்லை மாட்டியிருக்குதா?” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியதம்பியும் சிரித்துவைத்துவிட்டுப் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஜெயப்ரியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் தோளிலிருந்து துண்டை உருவி, அவர் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டாள். எதிரே, அவர் விற்றுத்தர ஒப்புக்கொண்டிருந்த வெள்ளைக் காளை ஒன்று அசைபோட்டுக்கொண்டு நின்றது.

எந்த விரலுக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து இரண்டு அழுத்து அழுத்தினாள். சந்தைக் கணக்கில் அந்த விலைக்குக் காளையை அதன் பரம்பரையோடு ஓட்டிக்கொண்டு போகலாம். பெரியதம்பி அந்தக் கணக்கில் இல்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு துண்டுக்கடியில் ஒரு கை. இருபது வருஷம் ஒன்றையும் காட்டாத முகம் அன்று காட்டிக்கொடுத்தது. கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

கூட்டம் நெருங்கி வந்தது. தரகனை அழவைக்கிற விலை என்றால் அது என்ன விலை?

காலையிலிருந்து அந்தக் காளையையே சுற்றிக்கொண்டிருந்த நாராயணப்பனுக்குப் பகீர் என்றது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார்.

“கை தெகி, தாயி. நான் முந்தியே பாத்து வெச்ச மாடு” என்று அவள் கையை விலக்கிவிட்டு, தன் கையைத் துண்டுக்குள் நுழைத்தார். நுழைத்த பிறகுதான் யார் கை என்று நினைவு வந்ததுபோல ஒரு கணம் விரல்கள் நின்றன. பிறகு காளையைப் பார்த்தார். பெரியதம்பியின் ஆள்காட்டி விரலை அழுத்திப் பிடித்தார்.

பெரியதம்பி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நாராயணப்பன் இன்னொரு விரலைச் சேர்த்தார். அதற்கும் ஆட்டினார். ஒரு நிமிஷத்தில் முடிகிற பேரம் கால் மணி நேரம் ஓடியது. காளைக்காரரே போதும் என்று கண்ணைக் காட்டிய பிறகுதான் பெரியதம்பி சரி என்றார். விலை படிந்துவிட்டது, துண்டு மட்டும் விலகவில்லை.

வியாபாரம்தான் முடிந்துவிட்டதே என்று நாராயணப்பன் கையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“முகீத்தல்லப்பா, கை பிடு.”

நன்றாகக் கன்னடம் தெரிந்த பெரியதம்பி அன்று அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டு, இன்னும் இறுக்கிப் பிடித்தார்.